அனுபவ ஆலோசகரும் பேசும் பொம்மையும்

நோயாளியின் குரலுக்கு இத்தனை மரியாதை தரும் மருத்துவமனை பூவுலகில் வேறில்லை என்று, ஓயாமல் மழை பெய்யும் நார்வேயின் பெர்கன் நகரத்தில் யாரும் குடைக்குள்ளிருந்து உரக்கச் சொல்லலாம். செவிலியர் பயிற்சியை வடிவமைக்கவே அங்கே ஒரு நோயாளியை அழைத்திருந்தார்கள். கழுத்தில் அட்டை, அட்டையில் ‘அனுபவ ஆலோசகர்’ என்ற பட்டம்.

பட்டம் பெற்றவர் தோர்கில் வெஸ்ட்பி. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். அறிவு பழைய வேகத்தில்தான் ஓடியது. வாய்தான் பின்னால் நடந்து வந்தது.

கூட்டத்துக்குள் நுழைந்ததுமே எலும்பு மருத்துவர் சிந்த்ரே கை குலுக்கினார்.

“வாங்க தோர்கில்! திங்கக்கிழமை உங்க இடது முட்டியை மாத்திடலாம்.”

தோர்கிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழுதானது வலது முட்டி.

“இல்ல... அது...”

“நன்றியெல்லாம் எதுக்குங்க!”

“நான்... சொல்ல வந்தது...”

“பயமா இருக்கு, அதானே? ராக்ன்ஹில்ட், எழுதிக்கங்க: ‘நோயாளியின் அச்சம்’.”

ஒருங்கிணைப்பாளர் ராக்ன்ஹில்ட் மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். தோர்கில் வாய் திறந்தபோதெல்லாம் ஒரு சீட்டு. சுவர் நிறைந்தது, வாக்கியம் ஒன்றுகூட முடியவில்லை.

“இவ்வளவு பங்களிப்பை நாங்க எதிர்பார்க்கவே இல்ல!” என்று ராக்ன்ஹில்ட் நெகிழ்ந்தார்.

அடுத்து அந்தப் பயிற்சிக்கு ஒத்திகை. கட்டிலில் ரப்பர் பொம்மை. அதன் நெஞ்சுக்குள் ஒரு காற்றுப்பை உப்பித் தணியும், அதுதான் மூச்சு. மணிக்கட்டுக் குழாயில் நீர் துள்ளும், அதுதான் நாடி. பேச்சு மட்டும் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து, மைக் வழியாக, யோஸ்டெய்ன் என்ற தொழில்நுட்பர் தருவது. அவர் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் அப்பத்தைத் தின்றபடியே பேசுவார். ஆகவே பொம்மை ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தும். அவர் மெல்லும் நேரமெல்லாம் இங்கே எல்லாரும் மூச்சடக்கிக் காத்திருப்பார்கள். குறுக்கே பேசினால் மதிப்பெண் போய்விடும்.

இதைக் கண்ட தோர்கில் நொண்டிக்கொண்டே கண்ணாடிக்குப் பின்னால் போனார்.

“அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க,” என்றார் யோஸ்டெய்ன், கன்னம் உப்ப. “வாய் நிறைய இருக்கு. நீங்க கொஞ்சம் பொம்மையாப் பேசுங்களேன்.”

தோர்கில் மைக்கைப் பிடித்தார்.

“எனக்கு... பழுது... வலது முட்டி. இடது... நல்லா இருக்கு. அதைத்... தொடாதீங்க.”

ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிந்த்ரே பொம்மையின் கையைப் பற்றி, “அவசரமே இல்ல, மெதுவா சொல்லுங்க” என்று குழைந்தார். முடிந்ததும் கைதட்டல். கத்தி வைக்குமுன் சரியான காலில் குறி போடுவது விதி. சிந்த்ரே பேனாவை எடுத்துப் பொம்மையின் வலது முட்டியில் அம்பு வரைந்தார்.

நிம்மதியோடு தோர்கில் வெளியே வந்தார்.

“அது... நான்தான்...”

“ஆமா, எல்லாம் உங்களாலதான்! பாத்தீங்களா? நோயாளின்னா இப்படித் தெளிவா, முழுசா சொல்லணும். கத்துக்கங்க” என்ற சிந்த்ரே குனிந்து, அதே பேனாவால் அவருடைய கால்சட்டையின் இடது முட்டியில் அம்பு போட்டார்.

ஆக, அனுபவ ஆலோசகரின் ஆலோசனை ஒரு சொல்கூட விடாமல் ஏற்கப்பட்டது. திங்கட்கிழமை அந்த மருத்துவமனையில் பொம்மைக்குத் தவறு நேர வாய்ப்பே இல்லை.