ஆடுகிற படத்தில் அகப்பட்ட ஆவி

வெள்ளவத்தையில் கடவுளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. தொண்ணூற்றேழில் பேய்ப் பஞ்சமும் தீர்ந்தது. கடற்கரைப் பக்கத்து மாடி வீடொன்றில் கசற் சுவாமி என்று பேரெடுத்த ஒருவர் ரீவியும் வீடியோ டெக்கும் வைத்து ஆவி காட்டினார். சாவகச்சேரியில் சண்டைக்குப் பயந்து சனம் கைவிட்டு ஓடிய வீட்டுக்குள் போன மாதம் யாரோ எடுத்த வீடியோவாம். எடுத்தவனைக் காணவில்லை, கசற் மட்டும் கிடைத்ததாம். அங்கே பற்றரி கொண்டுபோகவே ஆமியிடம் அனுமதி கேட்கும் காலத்தில் ஆவிக்குப் பாஸ் தேவைப்படவில்லை போலும்.

படமோ கண்றாவி. இருட்டு, ஒரு சுவர், ஓடுகிறவனின் மூச்சு, மூலையில் வெள்ளையாய் ஏதோ. அதுதான் அதன் மகிமை.

"சினிமாவெண்டால் இப்பிடி ஆடுமே? உண்மையெண்டபடியால்தான் ஆடுது," என்று பல் டொக்டர் வரதராசாவே சொல்லிவிட்டார். படித்த மனிதர் சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது.

முன்வரிசையில் கனகேஸ்வரி இருந்தாள். மகன் சிவரூபன் ஊரில் காணாமல் போய் ஒரு வருடம். போன வெள்ளி, படத்தில் "அம்மா" என்று ஒரு முனகல் கேட்டது. சுவாமி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை போயிட்டான் தாயே. ஆவி அந்த வீட்டுக்குள்ள அடைபட்டுக் கிடக்குது. உங்கட காப்பைத் தந்தால் விடுதலை செய்வன். பிறகு அந்தியேட்டியைச் செய்யுங்கோ."

அந்தியேட்டி, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை; அந்தச் சொல்லில் அவள் நெஞ்சு உடைந்தது. ஆனாலும் இன்று காப்பைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையை இருட்டில் விட்டுவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

படம் ஓடியது. முனகல் வந்தது. அப்போது அவளுடைய தங்கை நாகேஸ்வரி எழும்பிப் போய், மேசைவிரிப்பை உருவி ரீவியை மூடினாள்.

"என்ன பிள்ளை செய்யிறீர்? ஆவி கோவிக்கும்," என்றார் சுவாமி.

"கோவிக்கட்டும். கண்ணால பாத்து எல்லாரும் பயந்தாச்சு. இனி ஒருக்கா காதால மட்டும் கேப்பம்," என்று அவளே கசற்றைப் பின்னுக்கு ஓட்டினாள்.

இருட்டும் ஆட்டமும் போயின. மூச்சு கேட்டது. "அம்மா" கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், கூ என்றொரு நீண்ட சத்தம். பிறகு தடக் தடக், தடக் தடக்.

சனம் ஆளையாள் பார்த்தது. நாள் முழுக்க இந்த வீட்டைத் தாண்டிக் கடலோரமாய் ஓடுகிற றெயிலின் சத்தம். பழகிப்போனதால் இத்தனை வெள்ளிக்கிழமையும் ஒருவர் காதிலும் விழவில்லை.

"சாவகச்சேரியில றெயில் நிண்டு ஏழு வருசம், சுவாமி. தண்டவாளத்தையும் கழட்டிப் பங்கருக்குக் கூரையாப் போட்டாச்சு. உங்கட ஆவி எந்த ஸ்ரேசனில ஏறினது?" என்றாள் நாகேஸ்வரி.

"அது... ஆவியளின்ர றெயில்," என்றார் சுவாமி.

சொல்லி வாய் மூடவில்லை, யன்னலுக்கு வெளியே மாத்தறை றெயில் போயிற்று. அதே கூ. அதே தடக் தடக். சுவாமி பின்கதவைத் தேடினார்.

கனகேஸ்வரி தங்கையின் கையைப் பிடித்தாள். "அப்ப என்ர பிள்ளை?"

"தெரியாது அக்கா. இந்தாளுக்கும் தெரியாது."

ஒரு கிழமையாய் அடைத்துக்கிடந்த அழுகை அப்போதுதான் வந்தது. அழுதபடியே காப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

படியிறங்கும்போது வரதராசா பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார்: "கொட்டாஞ்சேனையில ஒருத்தர் வேறை கசற் வைச்சிருக்கிறாராம். அது இன்னும் நல்லா ஆடுமாம்."

போங்கள் ஐயா, தாராளமாய்ப் போங்கள். அங்கேயாவது செருப்போடு சேர்த்து மூளையையும் வாசலில் கழற்றி வைக்காதீர்கள்.