பிடுங்கப் பிடுங்கச் சுற்றிய விசிறி

விசிறி நிற்கவில்லை. அதுதான் நடந்த தப்பு.

விசிறி சுற்றவில்லை என்று மற்றவர்கள் கவலைப்படுவார்கள். நான் சுற்றுகிறதே என்று கவலைப்பட்டேன். ஏனென்றால் பிளக்கைப் பிடுங்கியவன் நானே.

முப்பது வருஷம் சோவியத் வண்டி ஓட்டியவன் நான். அதில் ரேடியேட்டரின் அடியில் கட்டைவிரல் அளவு ஒரு சென்சார் இருக்கும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் அது விசிறியை எழுப்பிவிடும். பிளக்கைப் பிடுங்கினால் அதற்கு வாய் அடைத்துப்போகும். விசிறி தூங்கும். எஞ்சின் கொதிக்கும். எங்கள் ஊர் கரா-பல்தாவில் இது தெரியாத ஆண்பிள்ளை கிடையாது.

ஆனால் இப்போது என்னிடம் இருப்பது ஜப்பான்காரனின் பழைய வண்டி. ஸ்டீயரிங்கே எதிர்ப்பக்கம் இருக்கும் வண்டிக்குப் புத்தியும் எதிர்ப்பக்கம்தான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஐஸ் மாதிரி இருக்கிறது. விசிறி ஹோவென்று எழுந்துகொண்டது. முற்றத்தில் இருந்த கோழிகள் ஓடின.

"என்ன சத்தம் அது?" என்றாள் கிழவி. கையில் போர்சோக் நிறைந்த பை. விடியலிலிருந்து மாவைப் பிசைந்து பொரித்தது.

"விசிறி."

"இப்பவேவா?"

"மலை ஏறணும்ல. முன்கூட்டியே."

"அட! வண்டி மேல இவ்வளவு அக்கறை எப்ப வந்துச்சு, கிழவரே?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன். பேசினால் மாட்டிக்கொள்வேன். அது கல்யாணமான நாளிலிருந்து தெரிந்த விஷயம்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம், சூசாமிரில், எங்கள் மகள் ஜிப்பார் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அன்று பேத்தி பெகிமாய்க்குக் கால் கயிறு வெட்டும் விருந்து. குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் இரண்டு காலையும் கட்டுவோம். ஓட்டப் பந்தயம் வைப்போம். ஜெயித்தவர் கயிற்றை வெட்டுவார். குழந்தை நடக்கும். நல்ல வழக்கம். எனக்குப் பந்தயம்தான் பிடிக்காது. அதிலும் கிழவர்கள் ஓட்டம்.

முன்பு பேரனின் விருந்தில் ஓடினேன். எதிரே சம்பந்தி மாம்பெத். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். காலா அது, குதிரைக் கால். நான் நாலு எட்டு வைத்தேன். விழுந்தேன். விழுந்த இடத்தில் சாணி. பல்செட் மட்டும் கழன்று முன்னால் பறந்தது. அந்தப் பந்தயத்தில் என் சார்பில் முன்னேறியது அது ஒன்றுதான். யாரோ படம் பிடித்தார்கள். பள்ளத்தாக்கில் ஆடு மேய்ப்பவன் வரை எல்லோர் போனிலும் நான் இருக்கிறேன். மறுபடி அங்கே போய் ஓடுவதா?

வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கிழவி உயிரை எடுப்பாள். வண்டி வரமாட்டேன் என்றால் யார் என்ன செய்ய முடியும்? மலையடிவாரத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடும். "ஐயோ" என்பேன். திரும்பிவிடுவோம். இதுதான் திட்டம்.

திட்டம் ஹோவென்று கத்திக்கொண்டே மலையடிவாரம் வந்து சேர்ந்தது. முள் பாதியைக்கூடத் தாண்டவில்லை. இந்த வண்டி இவ்வளவு குளிர்ச்சியாக ஓடியதே கிடையாது.

ஓரம் கட்டினேன்.

"என்ன?"

"ஒண்ணுக்கு."

"வீட்டுல போயிட்டுதானே வந்தீங்க?"

"மறுபடி வருது. கிழவன்தானே."

பானட்டைத் திறந்தேன். அது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எஞ்சினின் தலைப்பகுதியில், தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தில் இன்னும் இரண்டு சென்சார் உட்கார்ந்திருந்தன. ஒன்றில் இரட்டை ஒயர். இன்னொன்றில் ஒற்றை ஒயர். விசிறியின் எஜமான் ஒற்றை ஒயர்க்காரன்தான் என்று முடிவு செய்தேன். பிடுங்கினேன்.

விசிறி நிற்கவில்லை. உள்ளே வந்து பார்த்தால் முள் செத்துப் படுத்துவிட்டது. நான் பிடுங்கியது முள்ளுக்குச் சேதி சொல்கிறவனை.

"அட, சூடே இல்லையே!" கிழவி எட்டிப் பார்த்தாள். "மலை ஏற ஏறக் குளிருதே எஞ்சின். பெரிய ஆளுதான் நீங்க."

"ம்."

ஏறினோம். டூ-அஷூ கணவாயைப் பற்றி நான் அதிகம் பேசமாட்டேன். பேச வாய் வராது. எத்தனையோ தடவை ஏறிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் தொப்பியைக் கழற்றத் தோன்றும். பாறை வானத்துக்குப் போகிறது. அதன் மேல் பனி. கீழே நாம் வந்த சாலை, யாரோ கை தவறிப் போட்ட நூல் மாதிரி. நிலக்கரி லாரிகள் எறும்பாக ஊர்கின்றன. அவ்வளவு பெரியது முன்னால் நிற்கும்போது ஒரு மனிதன் பந்தயத்துக்குப் பயந்து பிளக் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுபடி ஓரம் கட்டினேன்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"டாக்டர்கிட்ட காட்டுங்க. இது நல்லதுக்கில்ல."

இந்தத் தடவை பேட்டரி பக்கத்தில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே கறுப்புக் கறுப்பாக, கரண்டைத் திறந்துவிடும் ரிலேக்கள். மூடியின் உள்பக்கம் படம் போட்டிருந்தான். ஹாரன், விளக்கு, விசிறி. விசிறிப் படத்துக்கு நேராக இருந்ததைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. மலையே அமைதியானது. ரிலேயைக் கோட்டுப் பையில் போட்டேன். ஜெயித்துவிட்டேன்.

வண்டிக்குள் வந்ததும் கிழவி சொன்னாள். "குளிருது. உங்க கோட்டைக் கழட்டிக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தேன். என்ன சொல்லி மறுப்பேன்? அதுவும் அந்தக் குளிரில்.

அதற்குப் பிறகு முன்னால் ஒரு லாரி. நத்தை வேகம். முள்ளோ படுத்துக் கிடக்கிறது. எஞ்சின் எவ்வளவு கொதிக்கிறது என்று சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டியவன் வாயை நானே அடைத்தாயிற்று. கணவாய் உச்சியில் இருக்கும் சுரங்கப்பாதைக்கு இரண்டு வளைவு இருக்கும்போது பானட்டைச் சுற்றிப் புகை கிளம்பியது. நிறுத்தினேன். உண்மையாகவே "ஐயோ" என்றேன்.

கிழவி இறங்கினாள். ஒரு பாறையில் உட்கார்ந்தாள். போர்சோக் தின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஜிப்பாரின் போன். கிழவி போனைச் சத்தமாக வைத்தாள்.

"அம்மா, எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு. பெகிமாய் கால்ல கயிறு கட்டியாச்சு. அது அழவே இல்ல. வாசலையே பார்த்துக்கிட்டு நிக்குது. நீங்க வராம வெட்டமாட்டோம்."

"வந்துட்டே இருக்கோம், கண்ணு."

சாணியாவது பல்செட்டாவது. கயிறு கட்டிய காலோடு வாசலைப் பார்த்து நிற்கிறதாம். போக வேண்டும். இப்போதே போக வேண்டும்.

ரிலேயைத் தேடினேன். சட்டைப் பையில் இல்லை. கால்சட்டையில் இல்லை. பெட்டிக்குள் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சாலையில் மண்டியிட்டுத் தடவினேன். பதற்றத்தில் கோட்டு ஞாபகமே வரவில்லை.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அந்த ஒண்ணுமில்லாதது கறுப்பா, சதுரமா இருக்குமா?"

நிமிர்ந்தேன். என் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளங்கையில் ரிலே.

அவளுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய மலை. அன்று மலை சின்னதாகத் தெரிந்தது.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"எது?"

"எல்லாம்."

"காலைல ஜன்னல் வழியா பார்த்தேன். நீங்க குனிஞ்சு பிளக்கைப் பிடுங்கிட்டிருந்தீங்க."

"பார்த்துட்டு சும்மாவா இருந்த?"

"ஏன் கேக்கணும்? இந்த வண்டில அதைப் பிடுங்கினா விசிறி நிக்காம சுத்தும். மலை ஏற அதான் நல்லதுன்னு மாப்பிள்ளை போன வருஷமே சொல்லிக் குடுத்தாரு. நானே பிடுங்கறதா இருந்தேன். இடுப்பு வலி. நீங்க பிடுங்கினீங்க. சரி, குனியற வேலை மிச்சம்னு மாவைப் பிசைஞ்சேன்."

நான் பாறையில் உட்கார்ந்தேன்.

"முள் படுத்ததும் தெரியுமா?"

"மலை ஏற ஏற எஞ்சின் குளிருதுன்னா நம்பறதுக்கு நான் என்ன உங்க கூடப் பொறந்தவளா?"

"ரிலேயைப் பிடுங்கினப்ப தடுத்திருக்கலாமே."

"அதை நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு நினைக்கல. சத்தம் நின்ன அப்புறம்தான் தெரிஞ்சுது. பாவி, மூடில படம் போட்டு வச்சிருக்கான். படம் மட்டும் இல்லைன்னா தப்பிச்சிருப்போம். அப்புறம்தான் கோட்டைக் கேட்டேன். பைல என்ன இருக்குன்னு தடவிப் பாத்துட்டு, சுரங்கம் வரைக்கும் தாங்கும், அதுக்கப்புறம் இறக்கம்தானேன்னு கணக்குப் போட்டேன். தாங்கல. அது ஒண்ணுதான் என் தப்பு."

"சரி. குடு அதை."

கையை மூடிக்கொண்டாள். "ஓடுவீங்களா?"

"எங்க?"

"பந்தயத்துல. ஓடுவேன்னு சொல்லுங்க. பேத்தி மேல சத்தியமா."

கீழே பார்த்தேன். மேலே பார்த்தேன். தப்பிக்க இரண்டு பக்கமும் வழி இல்லை.

"ஓடுறேன். சத்தியமா."

அதன் பிறகு அவள் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன், தட்டிவிட்டாள். "மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்." ஓடையில் போய்த் தண்ணீர் பிடித்துவரச் சொன்னாள். நான் ஓடினேன். பந்தயத்துக்கு நல்ல பயிற்சி. ஆறியதும் தலைத்துணியை மடித்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். தண்ணீர் ஊற்றினாள். ஒற்றை ஒயரை அதன் இடத்தில் சொருகினாள். ரிலேயை அழுத்தினாள், போர்சோக் மாவில் பொத்தல் போடுகிற அதே விரலால். அடியில் இருந்த பிளக்கை மட்டும் தொடவில்லை.

"திருப்புங்க சாவியை."

திருப்பினேன். விசிறி ஹோவென்று எழுந்தது. முள் மெல்லத் தலை தூக்கி நடுவில் நின்றது. இதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

சுரங்கத்தைத் தாண்டினோம். சூசாமிர் பச்சைப்பசேலென்று கீழே விரிந்து கிடந்தது. கண்ணுக்கெட்டியவரை புல், குதிரை, வெள்ளைக் கூடாரம். விசிறி மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

முற்றத்தில் மாம்பெத் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்கால் வரை மாவுக்கட்டு.

"வாங்க சம்பந்தி! குதிரை உதறிடுச்சு. இந்தத் தடவை கிழவங்க ஓட்டம் கிடையாது. பசங்க மட்டும்தான் ஓடுறாங்க. சம்பந்தியம்மாகிட்ட போன வாரமே போன்ல சொன்னேனே!"

திரும்பிப் பார்த்தேன். கிழவியைப் பெண்கள் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பசங்கள் ஓடினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஜெயித்தாள். மூக்கு ஒழுகியது. கத்தியை வாங்கி ஒரே இழுப்பில் கயிற்றை வெட்டினாள். பெகிமாய் தன் காலைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது. வைத்தது. அடுத்த காலைத் தூக்கியது. எஞ்சின், மலை, இதெல்லாம் ஒன்றுமில்லை. கையளவு கால் ஒன்று தரையை நம்பி இறங்குகிறதே, அதற்குத் தொப்பியைக் கழற்றினேன்.

அப்புறம்தான் கிழவியைத் தேன்முலாம்பழம் அறுக்கும் இடத்தில் பிடித்தேன்.

"பந்தயம் கிடையாதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு வந்திருப்பீங்க. ஓடுறேன்னு சத்தியம் பண்ணியிருக்கமாட்டீங்க."

"பந்தயமே இல்லாதப்ப சத்தியம் எதுக்கு?"

அவள் ஒரு துண்டு பழத்தை என் கையில் வைத்தாள். "அது அடுத்ததுக்கு. நம்ம பொண்ணு முழுகாம இருக்கா."

பழம் கையிலேயே இருந்தது. பின்னால் மாம்பெத்தின் குரல். அவரைச் சுற்றி ஊர் ஆண்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சம்பந்தி, வண்டி மலைல கொதிச்சு நின்னுடுச்சாமே! யாரு சரி பண்ணது?"

நெஞ்சை நிமிர்த்தினேன். வாயைத் திறந்தேன். கிழவி கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"என் பெண்டாட்டி," என்றேன். பேரையும் சொன்னேன். "புருல்சா."