மாவ்பிக்கு நான் வரைந்த ஏரி

ரங்கூன், பபேடான்
திங்கட்கிழமை

அன்புள்ள மச்சான் வைத்திலிங்கம் அவர்களுக்கு,

விநாயகமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை சாந்தியும் சசிகுமாரும் உடம்பால் சுகம். மனசு எப்படி என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். வியாசர்பாடியில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சும்மா இராமல் பழைய உலக வரைபடங்களைப் பற்றிக் கட்டுரை எழுதி, அதை எனக்கும் அனுப்பினீர்களே, அங்கேதான் வினை ஆரம்பம். பருப்புக் கடையில் வியாபாரம் மந்தமான ஒரு மத்தியானம் எடுத்தேன், மூன்று தரம் படித்தேன். வெனிஸ் பக்கத்துத் தீவு மடத்தில் ஒரு துறவி உட்கார்ந்தபடி, மாலுமிகளும் வியாபாரிகளும் சொன்னதை எல்லாம் கேட்டுக் கேட்டு உலகத்தையே வட்டமாக வரைந்தார் என்கிறீர்கள். இன்னொரு வெனிஸ்காரன், நம் மாதிரி வியாபாரி, இருபத்தைந்து வருஷம் சுற்றி இங்கே பர்மாவில் பெகு, ஆவா வரைக்கும் வந்துபோனவன். வழியில் மதம் மாறிய குற்றத்துக்குப் பிராயச்சித்தமாக, அவன் கண்டதை எல்லாம் தன் காரியதரிசியிடம் சொல்லும்படி போப்பாண்டவர் கட்டளையிட்டாராமே! தண்டனை என்றால் இதுவல்லவா தண்டனை. சரக்கு எங்கே மலிவு என்று வியாபாரி வாயைத் திறந்து சொல்வது உயிர் போகிற காரியம். அதனால்தான் எனக்கு ஒரு கேள்வி விடவே இல்லை: அவன் உண்மையைச் சொன்னான் என்று அந்தக் காரியதரிசிக்கோ, இதையும் கேட்டு வரைந்த துறவிக்கோ எப்படித் தெரியும்? நானாக இருந்தால், யார் என்ன சொன்னாலும் முதலில் "இவன் எதை விற்கிறவன்?" என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கழித்துக்கொண்டு வரைந்திருப்பேன். உங்கள் துறவிக்கு இந்தச் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்தேன். நான் செய்து பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

சந்தர்ப்பமும் வந்தது. சசிக்கு முப்பத்து நாலு ஆகிறது. நாலு இடத்தில் வேண்டாம் என்றவன், ரங்கூனுக்கு வடக்கே முப்பது மைலில் இருக்கும் மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தனசேகரன் மகள் கலாவின் போட்டோவைப் பார்த்து, இந்தப் பெண் என்றால் சரி என்று தானாகச் சொன்னான். நேற்று ஞாயிறு, பெண் பார்க்கும் நாள். நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் பூத்தட்டு அவர்கள் வாசலைத் தாண்ட வேண்டும் என்பது தனசேகரனின் ஒரே நிபந்தனை. முன்பு ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஐந்து மணிக்கு வந்து, காப்பி கூடக் கிடைக்காமல் திரும்பினார்களாம். வழியை அவர்களிடமே கேட்டிருக்கலாம்தான். ஆனால் பெண் வீட்டில் போய் வழி கேட்டால் நம் மதிப்பு இறங்கிவிடும். வாங்கப் போகிறவன் முதலில் போன் செய்யக் கூடாது என்பது என் நாற்பது வருஷப் பழக்கம்.

ஆகவே மூன்று பேரைக் கடைக்குக் கூப்பிட்டு விசாரித்தேன். நமக்கு மூட்டை ஏற்றும் வேன்காரர் ஜமால், "சந்தையிலேர்ந்து மூணு மைலு மொதலாளி. நேராப் போயி, பாலம் தாண்டி எடது கை" என்றார். அவர் மைலுக்கு வாடகை வாங்குகிறவர். ஒரு மைல் கழித்தேன். ஜாதகம் கொண்டுவந்த பாப்பம்மாள், "பாலத்துலேர்ந்து கூப்புடு தூரந்தாண்ணே" என்றாள். கல்யாணத் தரகு பேசுகிறவளுக்கு எல்லாம் கிட்டத்தான். ஒன்றரை மைல் கூட்டினேன். லத்தாவில் நிலத் தரகு பார்க்கும் அப்பாசாமி, "தார் ரோடுங்க, எந்த மழைக்கும் தண்ணி நிக்காது" என்று சத்தியம் செய்தார். நிலத் தரகன் தண்ணீர் நிற்காது என்றால் அங்கே என்ன இருக்கும்? நீலப் பென்சிலால் ஒரு ஏரி வரைந்து, அதைச் சுற்றிப் போக ஒரு பாதையும் போட்டேன். படம் அழகாகவே வந்தது மச்சான். ஏரியில் ஒரு மீன்கூடப் போட்டேன்.

நேற்று இரண்டு மணிக்குக் கிளம்பினோம். போனில் பார்க்கலாம் என்றால் அன்றைக்கென்று நெட் படுத்துவிட்டது, எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மாவ்பிச் சந்தை தாண்டி இரண்டாவது மைலில், "ஜமால், இடது பக்கம் திருப்புங்க" என்றேன். "இன்னும் பாலமே வரல மொதலாளி." "பாலம் இடிஞ்சிருக்கும். படத்துல இங்கதான் திரும்பணும்." "நா சொல்லி, நீங்க வரைஞ்ச படந்தானே அது?" "நீங்க சொன்னதுல ஒரு மைல் கழிச்சு வரைஞ்சது." அவர் திருப்பினார். வாத்துக் குட்டையைத் தாண்டினோம், வயல் வரப்புக்கு வந்தோம், அங்கே முன்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கின. நான் வரைந்த ஏரி இருந்தது மச்சான். ஏரியைச் சுற்றிப் போக நான் போட்ட பாதைமேல் இருந்தது. மணி நாலு. பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் தங்கை, "பருப்புக்குத்தான் கழிவு போடுவீங்கன்னு பாத்தா, பாதைக்குமா போடுவீங்க?" என்றாள். சசி முழங்கால் சேற்றில் நின்று வண்டியைத் தள்ளினான். அவன் புதுச் சட்டையைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்போது வரப்பு முனைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டிவந்த பெண் இறங்கி, "பூத்தட்டு வச்சுக்கிட்டு ஒரு வேன் வயலுக்குள்ள போகுதுன்னு டீக்கடையிலேர்ந்து போன் பண்ணாங்க. நீங்கதானா?" என்றாள். கலாவேதான்! அம்மா பர்மாக்காரி, அதனால் தமிழை எண்ணி எண்ணிப் பேசுகிறாள், ஆனால் ஒன்றுகூட வீணாகாமல் பேசுகிறாள். "நாலரைக்கு இன்னும் கால் மணிதான் இருக்கு. தட்டு உள்ள வந்தாப் போதும். ஏறுங்க மாமா." மாப்பிள்ளையின் அப்பாவைக் கல்யாணப் பெண்ணே பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோன கதை ரங்கூனில் வேறு யாருக்கு உண்டு? ஒரு கையில் தட்டு, ஒரு கையில் உயிர். மெயின் ரோட்டுக்கு வந்து நேரே ஒரு மைல், பாலம், இடது கை, நான் அங்கிருந்து தும்மினால் கேட்கிற தூரத்தில் வீடு. தார் ரோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாலு இருபத்தெட்டுக்கு வாசலைத் தாண்டினேன்.

மற்றவர்கள் நடந்து வந்து சேர்ந்ததும் கலா என் படத்தை வாங்கி விரித்துப் பார்த்தாள். யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று கேட்டாள். "மூணு பேரும் சரியாத்தானே சொல்லியிருக்காங்க, அப்புறம் இந்த ஏரி யாரு சொன்னது?" "அது நானே போட்டதும்மா." அவள் சிரிக்கவில்லை. சசியைப் பார்த்து, "நீங்களும் இப்படித்தானா? நான் ஒண்ணு சொன்னா, கழிச்சுத்தான் எடுத்துக்குவீங்களா?" என்றாள். சேறு காயாத காலோடு என் மகன் சொன்னான்: "இல்லீங்க. யாரு எது சொன்னாலும் அப்படியே நம்பிடுவேன். இல்லாட்டி அப்பா படத்த நம்பி வந்திருப்பேனா?" அப்போதுதான் அவள் சிரித்தாள். தனசேகரன் மட்டும் முகம் கொடுக்காமல், "ரெண்டு நாள்ல சொல்லி அனுப்புறோம்" என்றார்.

ராத்திரி உங்கள் கட்டுரையை நாலாம் தரம் எடுத்தேன். கண்ணால் பார்த்தவன் ஒன்று சொல்லி, பழைய பெரிய புத்தகம் வேறொன்று சொன்னால், அந்தத் துறவி பார்த்தவன் பக்கமே நின்றார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேகத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். என் நாற்பது வருஷப் பழக்கம்தான் என் பழைய புத்தகம் மச்சான். இனிமேல் யார் எது சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வதாகத் தீர்மானம் செய்துவிட்டேன். இதை உங்கள் கட்டுரையில் சேர்த்தாலும் ஆட்சேபணை இல்லை. ஏரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். மாவ்பியிலிருந்து நல்ல வார்த்தை வர நீங்களும் ஒரு தேங்காய் உடையுங்கள்.

இப்படிக்கு,
மீ. விநாயகமூர்த்தி

பி.கு.: உறை ஒட்டப்போகிற நேரத்தில் பாப்பம்மாள் வந்து, "பொண்ணுக்குப் பூரண சம்மதம்ணே, தை மாசமே கல்யாணம்" என்கிறாள். தரகு பேசுகிறவள் வாய். பூரணத்தில் பாதி கழித்தால் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். தையோடு ஆறு மாதம் கூட்டினால் ஆடி, ஆடியில் கல்யாணமே கிடையாது. ஆகவே டிக்கெட் எடுத்துவிட வேண்டாம்.

அண்ணா, சாந்தி எழுதுறேன். கலா எங்கிட்டயே போன்ல பேசிட்டா. தை ஆறாந்தேதி. டிக்கெட் போடுங்க. வழிய எங்கிட்ட கேளுங்க.