சர்க்கரை டப்பாவைச் சுற்றி ஒரு பட்டைக் கோடு

இனிமேல் என் மனைவிக்குத் தெரியாமல் எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். திருந்தியதால் இல்லை. முடியவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பூட்டு ரிப்பேர் கடை. டூப்ளிகேட் சாவி போடுவதில் நான் மன்னன். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பியை உள்ளே விட்டு, காதைக் கொடுத்தேனென்றால் எப்பேர்ப்பட்ட பூட்டும் வாயைத் திறந்துவிடும். திறக்காத வாய் எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். "சர்க்கரை எல்லையில நிக்குது. இன்னும் தாண்டல. இனிப்பை விடுங்க, தினமும் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

சொன்னது என்னிடம். கேட்டுக்கொண்டது என் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். எந்தப் புட்டியை எந்தப் பையன் தொட்டான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். இங்கே பையன் நான் ஒருவனே.

அன்றைக்கே சட்டம் போட்டாள். மூன்று மாதம் டீயில் சர்க்கரை கிடையாது. ரிப்போர்ட் நன்றாக வந்தால் காலை டீக்கு ஒரு ஸ்பூன். ஒரே ஒரு ஸ்பூன்! நான் உயிரோடு இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் டீயில் ஏதோ மிதந்தது.

"என்னம்மா இது, மரத்தூளா?"

"பட்டைங்க. வாசனையா இருக்கும். அந்த வாசனையில நாக்கு இனிப்புன்னு நினைச்சுக்குமாம்."

"என் நாக்கு அவ்வளவு ஏமாளி இல்ல."

"பாக்கலாம்" என்றாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அதோடு விட்டாளா? துணி அலமாரியில் பூச்சி வராமலிருக்கப் பட்டை. வீடு மணக்கக் கொதிக்கிற தண்ணீரில் பட்டை. என் ஷூ நாறுகிறது என்று அதற்குள்ளேயும் பட்டை. பட்டையைக் கிளப்புகிறாள் என்று சும்மா சொல்வோம். இவள் மூட்டையோடு கிளப்பினாள். கடைக்கு வந்த ஒருவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இங்க மசாலா அரைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டார்.

சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். எனக்கா பூட்டு! அவள் குளிக்கப் போனதும் ஏழே விநாடியில் திறந்து, டீயில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிவிட்டேன். பெரிய பூட்டாக மாற்றினாள். பதினொரு விநாடி.

திடீரென்று ஒருநாள் பூட்டே இல்லை.

"ஏன், பூட்டு என்னாச்சு?"

"உங்க மேல நம்பிக்கை வந்துடுச்சுங்க."

அலமாரியைத் திறந்தேன். டப்பாவைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பட்டைத்தூள் கோடு. எறும்புக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையை முடித்தேன்.

சாயங்காலம் நடு வீட்டில் நிற்க வைத்தாள்.

"இன்னைக்குக் கோட்டை ஒரு எறும்பு தாண்டியிருக்கு."

"அதான் பட்டை போட்டிருக்கியே, எப்படித் தாண்டும்?"

"தாண்டின எறும்போட கட்டைவிரல் ரேகை தூள்ல பதிஞ்சிருக்கு. கையைக் காட்டுங்க."

காட்டினேன். நகக்கண்ணில் பட்டை. நகத்தை முகர்ந்தால் பட்டை. தப்பிக்க வழியே இல்லை. கடவுளே, பூட்டென்றால் துவாரமாவது இருக்கும். தூளுக்கு எங்கே கம்பியை விடுவது?

இரண்டு நாள் உடைந்துபோய்க் கிடந்தேன். மூன்றாம் நாள் கடையில் சாவி ராவிக்கொண்டிருக்கும்போது மூளை வேலை செய்தது. அடேய், நீ டூப்ளிகேட் போடுகிறவன்! கோட்டுக்கும் ஒரு டூப்ளிகேட் போட்டால் என்ன?

அவள் சாப்பாட்டு மேஜைமேல் 'பட்டைத்தூள்' என்று சீட்டு ஒட்டி ஒரு டப்பா வைத்திருந்தாள். அதை நான் தொடவில்லை. அளவு குறைந்தால் கண்டுபிடித்துவிடுவாள். அதுவுமில்லாமல் அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நேரே மளிகைக்கடைக்குப் போனேன்.

"பட்டைத்தூள் கொடுங்க."

"ரெண்டு வகை இருக்குண்ணே. சுருள் சுருளா மெல்லிசு ஒண்ணு. கட்டையா முரடா ஒண்ணு. எது?"

"எறும்புக்கு என்ன தெரியப்போகுது? ஏதோ ஒண்ணு கொடுப்பா."

அன்றிலிருந்து தினமும் திருடினேன். திருடி முடித்ததும் பழைய தூளைத் துடைத்துவிட்டு, சாவித் துகள் தட்டுகிற பிரஷ்ஷால் புதுக் கோடு போட்டேன். நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவள் தினமும் அலமாரியைத் திறந்து பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அப்பாடா! இரண்டு மாதம் நான் மனிதனாக வாழ்ந்தேன்.

பரிசோதனை நாள் வந்தது. தினமும் இரண்டு ஸ்பூன் உள்ளே போயிருக்கிறது. எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இறங்கியிருக்கே!"

"பட்டையினாலயா டாக்டர்?" என்றாள் என் மனைவி.

"வாசனைக்குக் கொஞ்சம் போட்டுக்கலாம்மா. அது மருந்து இல்ல. இவர் நடந்தார், சர்க்கரையை விட்டார், அதான்."

சர்க்கரையை விட்டாரா? நான் தரையைப் பார்த்தேன். என் உடம்பு ஏதோ தெய்வப்பிறவி என்று முடிவுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, சொன்ன சொல் தவறாமல் டீ கொண்டுவந்தாள். "ஒரு ஸ்பூன், குவிச்சுப் போட்டிருக்கேன்."

மூன்று மாதக் கனவு. கண்ணை மூடி ஒரு மடக்குக் குடித்தேன். சப்பென்று இருந்தது.

"இதுல சர்க்கரையே இல்ல! ஏமாத்துற!"

"சத்தியமா போட்டேங்க."

"சும்மா சொல்லாத. அலமாரிச் சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போட்டா எப்படி இனிக்கும் தெரியுமா…"

வாயை மூடினேன். காலம் கடந்துவிட்டது.

"தெரியாதே. எப்படி இனிக்கும்? சொல்லுங்க, கேக்கறேன்."

பூட்டு மாதிரி நின்றேன்.

"நான் போடற தூள் மெல்லிசுப் பட்டை, வெளிர் நிறம். நீங்க போட்டது முரட்டுப் பட்டை, செக்கச்செவேல்னு இருக்கு. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கே அந்த டப்பாவுல இருந்த சர்க்கரையை வேற டப்பாவுல கொட்டிட்டு, சர்க்கரைக்குப் பதிலாப் போடற மாத்துப் பொடியை ரொப்பி வெச்சேன். அது ரெண்டு மடங்கு இனிக்கும். டூப்ளிகேட் கோட்டுக்கு டூப்ளிகேட் சர்க்கரை, சரிதானே?"

"அப்போ… நிஜச் சர்க்கரை எங்க இருந்துச்சு?"

மேஜையைக் காட்டினாள். 'பட்டைத்தூள்' டப்பா. இரண்டு மாதமாக என் முழங்கைக்குப் பக்கத்தில், பூட்டில்லாமல், மூடி பாதி திறந்தபடி!

"சரி, பிடிக்கலேன்னா வற்புறுத்தல" என்று என் கையிலிருந்த டீயை வாங்கி, எதிரே உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"இனிப்பு சரியாத்தானே இருக்கு!"