புத்திமதிச் செம்மலும் கவசம் போட்ட வொம்பட்டும்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கும் பொன்னாடை போர்த்த அந்தக் காலத்தில் ஆளில்லாமல் போய்விட்டது. ஆனால் இவை இரண்டையும் விட மகத்தான கண்டுபிடிப்பாகிய 'பிறர் பிள்ளைக்குப் புத்திமதி சொல்லுதல்' என்ற கலையைப் பூரண வளர்ச்சிக்குக் கொண்டுவந்தவர்கள் கிழக்கு மெல்பேர்ண் தமிழர்கள் என்பதும், அவர்களுள் தலைசிறந்தவர் ரோவில் பகுதியில் வசிக்கும் திருவாளர் விக்னராஜா என்பதும் ஐயந்திரிபற நிறுவப்பட்ட உண்மைகள். நிறுவியது கிழக்கு மெல்பேர்ண் தமிழ்ப் பெற்றோர் நலன்புரி மன்றத்தின் செயற்குழு. 2009ஆம் ஆண்டு, அவித்த கடலை ஆறுவதற்குள், அக்குழு ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: வீடியோ கேம் என்னும் கொடிய நோயிலிருந்து நம் பிள்ளைகளைக் காத்த விக்னராஜாவுக்குப் 'புத்திமதிச் செம்மல்' பட்டம் வழங்குவது.

தலைவர் மகாதேவன் தொலைபேசியில் செய்தி சொன்னார். விக்னராஜா ரிசீவரை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பட்டம் தரப்போயினமாம்."

"எதுக்கப்பா?" என்றாள் மனைவி ரஞ்சினி.

"வீடியோ கேமை ஒழிச்சதுக்கு."

ரஞ்சினி சிரிக்கத் தொடங்கினாள். கத்தரிக்காய்க் குழம்பு அடிப்பிடித்து, புகை அலாரம் அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பிறகும் சிரித்தாள். காரணம் உண்டு. 1986 முதல் ஐந்து வருடங்கள் விக்னராஜா மெல்பேர்ணில் பார்த்த உத்தியோகம் வீடியோ கேம் தயாரிப்பது.

இந்தச் சிறு விவரம் செயற்குழுவின் கவனத்துக்கு வராமல் போனதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அக்காலத்தில் நம் சமூகம் அங்கீகரித்த தொழில்கள் மூன்று: டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். மற்றவை எல்லாம் 'ஒரு மாதிரி' என்ற தலைப்பின் கீழ் வந்தன. ஆகவே கல்யாணம் பேசியவர்கள் ரஞ்சினியின் தகப்பனிடம், "மாப்பிள்ளை கொம்பியூட்டர் எஞ்சினியர். வர்ணங்கள் சம்பந்தமா ஆராய்ச்சி செய்யிறார்" என்றார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. வொம்பட்டின் மூக்குக்கும் அதன் தலைக்கவசத்துக்கும் ஒரே வர்ணம் அடிக்கலாமா என்று அவர் அப்போது இரவு பகலாக ஆராய்ந்து கொண்டுதான் இருந்தார்.

வொம்பட் என்றால் இந்த நாட்டுக் காடுகளில் வளை தோண்டி வாழும், கொழுத்த, எவருக்கும் தீங்கு செய்யாத ஒரு மிருகம். தென் மெல்பேர்ணில், மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கும் கடையின் மேல்மாடியில் இருந்த அந்தக் கம்பனி, அதற்குக் கவசம் மாட்டிக் கோட்டை கோட்டையாகச் சண்டைக்கு அனுப்பியது. முதலாளி கிரெக் காலில் செருப்பில்லாமல் கந்தோருக்கு வருவான். ஆனால் வொம்பட் விஷயத்தில் ஐக்கிய நாடுகள் சபை தோற்றுப்போகும் அளவுக்குக் கண்டிப்பானவன்.

"வொம்பட்டுக்கு வால் வைக்கலாமா?" என்று கூட்டத்தில் கேட்பான்.

"இடமில்லை" என்பார் விக்னராஜா.

உண்மைதான். முழு விளையாட்டும் ஒரு பிளாஸ்ரிக் கசெற்றுக்குள் அடங்க வேண்டும். இன்றைக்கு நீங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரு தோசைப் படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. அதனால் வால் தியாகம் செய்யப்பட்டது. உண்மையான வொம்பட்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வால் கிடையாது என்பது பிறகு தெரியவந்தபோது, கூட்டம் தன் தீர்க்கதரிசனத்தைத் தானே மெச்சிக்கொண்டது. வில்லனின் தாடியும் புல்லும் ஒரே படம். பச்சை அடித்தால் புல், கறுப்பு அடித்தால் தாடி. வாசிப்பவர்கள் சிரிக்கலாம். விக்னராஜா அதற்காக ஒரு மாதம் தூங்கவில்லை.

ஆனால் அவருடைய உயிர் இருந்தது வொம்பட்டின் பாய்ச்சலில். ஒரு மேட்டிலிருந்து மறு மேட்டுக்குப் பாய வேண்டும். வொம்பட்டை ஓட்டிவரும் பிள்ளை பதற்றத்தில் ஒரு கண்ணிமைப்பு பிந்திப் பொத்தானை அழுத்தும். அதற்குள் வொம்பட்டின் கால் விளிம்பைத் தாண்டியிருக்கும். நியாயப்படி அது பள்ளத்தில் விழ வேண்டும். விக்னராஜா அந்த ஒரு கண்ணிமைப்பை மன்னித்துவிட ஏற்பாடு செய்தார். கால் அந்தரத்தில் இருந்தாலும் பாயலாம். திரையில் இது யாருக்கும் தெரியாது. விளையாடுகிறவர் தன் கெட்டித்தனம் என்றே நினைப்பார். கிரெக் அதைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தான். அதைவிடப் பெரிய கௌரவம் அவருக்கு வாழ்க்கையில் அதுவரை கிடைத்ததில்லை.

1990இல் அவருடைய 'பொதுவாழ்வு' ஆரம்பமாயிற்று. மகாதேவனின் மனைவி பவளம் தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி விக்கி, எங்கட கலா பள்ளிக்கூடத்தால வந்தா ரி.வி.க்கு முன்னால குந்தினபடி. ஏதோ பண்டிக்குட்டி ஒண்டு தொப்பி போட்டுக்கொண்டு பாயுது. நீர் கொம்பியூட்டர் படிச்சனீர். நீர் சொன்னாத்தான் கேப்பாள்."

தன் வொம்பட்டைப் 'பண்டிக்குட்டி' என்றது விக்னராஜாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருந்தாலும் போனார். முதலில் புட்டும் நண்டுக்கறியும் வழங்கப்பட்டன. வெறும் வயிற்றில் புத்திமதி சொல்வது மரபல்ல. பிறகு அவரை வரவேற்பறைக்கு அழைத்துச் சென்று பெரிய கதிரையில் இருத்தினார்கள். பத்து வயதுக் கலா நிலத்தில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

தான் செய்ததை ஒரு பிள்ளை விளையாடுவதை விக்னராஜா அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்.

"சொல்லும்" என்றார் மகாதேவன், பின்னால் நின்றபடி.

"கலா... இது வந்து... கண்ணுக்குக் கூடாது."

"மூளைக்கும்" என்றார் மகாதேவன்.

"மூளைக்கும்."

"இதைச் செய்தவனுக்கு மூளை இருக்கோ எண்டு கேளும்."

விக்னராஜா கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். "இதைச் செய்தவன்... பெரிய கெட்டிக்காரன் எண்டு சொல்ல ஏலாது."

"நோ அங்கிள்" என்றாள் கலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஹீ இஸ் வெரி கைண்ட். பாருங்கோ." வொம்பட்டை விளிம்புக்கு ஓட்டினாள். கால் வெளியே போகவிட்டு, அதன் பிறகு பாயவைத்தாள். அது பத்திரமாக அக்கரை சேர்ந்தது. "விழவேண்டியது. ஆனா அவர் விழ விடேல்லை. ஒரு சான்ஸ் தாறார். ஐ வோண்ட் டு மீட் ஹிம். நானும் இப்பிடிச் செய்ய வேணும்."

அந்தப் பாய்ச்சலின் இரகசியத்தை உலகில் கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் முன்னால் இருந்தாள். 'நான்தான் பிள்ளை அது' என்று சொல்ல விக்னராஜாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அப்போது மகாதேவன், "உம்மட மாமனார் சுகமோ? போன கிழமை கோயிலில கண்டனான்" என்று விசாரித்தார். மாமனார் நம்பியிருக்கும் 'வர்ண ஆராய்ச்சி' நினைவுக்கு வந்து, நாக்கு உள்ளே போய்விட்டது.

"அப்பிடி ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. இதெல்லாம் மெசின் தானாச் செய்யிறது. நீ படி."

கலா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். பிறகு தானே எழும்பிப்போய் ரி.வி.யை நிறுத்தினாள்.

இந்த வெற்றி காட்டுத்தீயாகப் பரவியது. அடுத்த சனிக்கிழமை பொருளாளர் ஜெயரட்ணம் வீடு, ஞாயிறு இன்னொரு வீடு, அதற்கடுத்த கிழமை நகரின் மறுகோடியில் உள்ள வெரிபீயிலிருந்துகூட அழைப்பு. விக்னராஜா போகாவிட்டால் 'படிச்ச திமிர்' என்பார்கள். போனால் இடியப்பம் கிடைத்தது. எல்லா வீட்டிலும் ஒரே நடைமுறை: சாப்பாடு, புத்திமதி, தேநீர், பறிமுதல். பறிமுதல் செய்த விளையாட்டுப் பெட்டிகளைத் தகப்பன்மார் தங்கள் படுக்கையறை அலுமாரியில் 'பாதுகாப்பில்' வைத்தார்கள். பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த நாளே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளையோடு போய் விளையாடின. கலா மட்டும் போகவில்லை. அங்கிள் சொன்னதை அவள் நம்பிவிட்டாள்.

இதே மாதங்களில்தான் வொம்பட்டின் இரண்டாம் பாகத்தை நத்தார்ப் பண்டிகைக்கு முன் கடைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

"சனி ஞாயிறு வரமுடியுமா, நண்பா?" என்று கிரெக் கேட்டான்.

"முடியாது. எங்கள் ஆட்களுக்கு ஒரு சேவை செய்கிறேன்."

"என்ன சேவை?"

விக்னராஜா யோசித்தார். "பிள்ளைகள். ஒரு பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டார்கள். போய்ப் பேசி விடுவிக்கிறேன்."

கிரெக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ ஒரு மகான்" என்றான்.

இரண்டாம் பாகம் நத்தாருக்கு வந்தது. புதுவருடத்தில் கடிதங்கள் வந்தன. அவை பாராட்டுக் கடிதங்கள் அல்ல. ஈஸ்டருக்குக் கம்பனியை மூடினார்கள். கீழே மீன் பொரிப்பவர் மேல்மாடியை உருளைக்கிழங்குக் களஞ்சியமாக்கினார். விக்னராஜா ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் சேர்ந்து, கழிவுநீர் எந்தக் குழாயால் எந்த நேரம் போகிறது என்று கணக்கிடும் கௌரவமான பணியில் பதினெட்டு வருடங்களைக் கழித்தார். மாமனார் ஊரெல்லாம் பெருமை பேசினார். கழிவுநீர் பாயும். ஆனால் ஒருபோதும் வொம்பட்டைப்போலப் பாயாது.

விழா ரோவிலில், ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. புறப்படும்போது ரஞ்சினி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இண்டைக்காவது வாயைத் திறவுங்கோ. இல்லாட்டி அந்தப் பட்டத்தை நான் வீட்டுக்குள்ள எடுக்க மாட்டன்."

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவள் கலா. இப்போது பல் வைத்தியர். யாரும் பல் வைத்தியத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் அறிமுகம் செய்துகொண்டபோது "நான் ஒரு டென்ரிஸ்ட்" என்று சொன்ன தொனி, "நான் இந்தப் பக்கத்தால வந்தனான், மழை பெய்தது, ஒதுங்கினனான்" என்பது மாதிரி இருந்தது. முன்வரிசையில் இருந்த விக்னராஜாவுக்கு அது கேட்டது.

மகாதேவன் புகழுரை ஆற்றினார். "விக்கி இல்லாவிட்டால் இந்த மண்டபத்தில் ஒரு டொக்டர் உண்டா? ஓர் எஞ்சினியர் உண்டா? ஒரு பிள்ளைக்கு நேரான பல் உண்டா?" என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. பொன்னாடை போர்த்தப்பட்டது. ஒலிவாங்கி விக்னராஜாவின் கைக்கு வந்தது.

அவர் சபையைப் பார்க்கவில்லை. கலாவைப் பார்த்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நான் உனக்குப் பொய் சொன்னனான். அது மெசின் தானாச் செய்ததில்லை. அந்த வொம்பட்டைப் பாய வைச்சது நான். விழாமல் பிடிச்சதும் நான். ஒரு சான்ஸ் குடுக்கிறார் எண்டு நீ சொன்னாய். அதைக் கண்டுபிடிச்சது உலகத்தில நீ ஒருத்திதான். உன்னட்டைச் சொல்லாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய மடைத்தனம்."

கலாவின் கையிலிருந்த நிகழ்ச்சி நிரல் கீழே விழுந்தது. பச்சைத் துரோகம்! காவலனே கள்வன்! பொன்னாடையை உருவுவதற்கு மன்றத்தின் யாப்பு விதிகளில் இடமுண்டா என்று செயலாளர் புரட்டத் தொடங்கினார். மகாதேவன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. இன்னொரு ஒலிவாங்கியை எடுத்தார்.

"அப்ப," என்றார் நடுங்கும் குரலில், "ரெண்டாம் பாகத்தில, கடைசிக் கோட்டைக்கு முன்னால, ஒரு தொங்குபாலம் வருதே. நடுவில கால் வைச்சா வொம்பட் அப்பிடியே அந்தரத்தில நிண்டுபோகும். அங்கால போகவும் மாட்டுது, இஞ்சால வரவும் மாட்டுது. அதைச் செய்ததும் நீரோ?"

"ஓம், அந்தப் பாலம்!" என்று ஜெயரட்ணம் கதிரையிலிருந்து துள்ளினார். "நான் வேற ரி.வி.யிலயும் போட்டுப் பார்த்தனான்!"

"நான் சிட்னியில மச்சானைக்கூடக் கேட்டனான்!" என்றது பின்வரிசையில் ஒரு நரைத்த தலை. மன்றத்தின் மூத்த தகப்பன்மார் வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள். எல்லோர் முகத்திலும் தீராத துயரம்.

"ஒரு நிமிசம் அப்பா" என்றாள் கலா. "ரெண்டாம் பாகம் வந்தது, எங்கட கேம் செற்றை நீங்கள் பறிச்சதுக்குப் பிறகெல்லோ?"

தகப்பன்மார் மெல்ல மெல்ல உட்கார்ந்தார்கள். தாய்மார் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். பவளம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"அது... பிள்ளையளுக்கு எவ்வளவு கெடுதி எண்டு சோதிச்சுப் பார்த்தது" என்றார் மகாதேவன். "அதை விடுங்கோ. விக்கி, நீர் விசயத்துக்கு வாரும். ஏன் அந்தப் பாலத்தை ஒழுங்காச் செய்யேல்லை?"

"அண்ணை, அந்தப் பாலத்தைச் சரிபார்க்க வேண்டிய சனி ஞாயிறு எல்லாம் நான் உங்கட வீட்டிலயும் இவையின்ர வீட்டிலயும் இருந்து புத்தி சொல்லிக்கொண்டிருந்தனான்" என்றார் விக்னராஜா. பொன்னாடையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, மகாதேவனின் கையில் கொடுத்தார். "அதைக் கேட்டு விளையாட்டை விட்டது இந்த மண்டபத்தில ரெண்டே ரெண்டு பேர். ஒண்டு கலா. மற்றது நான்."