நானூற்று எண்பத்து நான்கு காப்பிகள்

நெதர்லாந்தில் எங்கள் டேவென்டர் நகரில், இன்னொருவர் வாங்கிக் கொடுத்த காப்பிக்கு அன்று மாலைக்குள் காசு அனுப்பாதவரை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாங்கிக் கொடுத்தவர் கைபேசியில் ஒரு கோரிக்கை அனுப்புவார். நாம் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டுவோம். காசு போய்விடும், நட்பு நிலைக்கும். என் சொந்தத் தங்கை, தன் கல்யாணத்தில் நான் சாப்பிட்ட இரண்டாவது துண்டு கேக்குக்குக் கோரிக்கை அனுப்பினாள். ஊர் திரும்பும் ரயிலிலேயே கட்டிவிட்டேன்.

பெரிய தொகைகளுக்கு இந்த விதி பொருந்தாது. பெரிய தொகை என்பது கௌரவமான விஷயம். அதற்கென்று நடைமுறை உண்டு.

இதை எனக்குக் கற்பித்த நிறுவனத்தின் பெயர் ‘நிதானம்’. நிமிட முள் இல்லாத சுவர்க் கடிகாரம் விற்கிறார்கள். மணி சுமார் மூன்று என்று காட்டும். அதற்குமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பது அவர்கள் கொள்கை. ஒரு முள் குறைவு என்பதால் விலை இரட்டிப்பு. இப்போது ஊரில் வசதியான வீடு எதிலும் மணி என்னவென்று தெரியாது.

அவர்களுடைய இணையதளத்துக்கு வாசகங்கள் எழுதிக் கொடுத்தவள் நான். எங்கும் மாதச் சம்பளம் இல்லாமல், கேட்பவர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவள். கூலி, வரியோடு சேர்த்து ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு யூரோ. ஒரு மாதத்தில் தர வேண்டும் என்று பில்லில் போட்டிருந்தேன். மாதங்கள் போயின. என் அறை வாடகை பாக்கி விழுந்தது. அடுத்த மாத இறுதிக்குள் கட்டாவிட்டால் காலி செய்யும்படி வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்.

எனக்குப் பணம் கேட்க வராது. கடையில் மீதி குறைத்துக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி வருபவள் நான். நினைவூட்டல்கள் அனுப்பினேன், ஒவ்வொன்றிலும் பணத்தைவிட மன்னிப்பு அதிகமாக இருந்தது. பதில் இல்லை. நேரிலேயே போனேன்.

நான்கு பேர் வேலை பார்க்கும் அந்த இடத்தில் கணக்கெழுதுபவர் ஹன்னெகே. அவருடைய பதவி ‘பணப் பயணத் துணைவர்’.

“உன் பில் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்மா,” என்றார். “போன வாரம்தான் ‘வந்தவை’யிலேர்ந்து ‘கவனிக்கப்பட்டவை’க்குப் போச்சு.”

“அடுத்தது என்ன?”

“‘உணரப்பட்டவை.’”

“பணம் தர்றது எந்தக் கட்டத்துல?”

“இப்படி நெருக்கினா பில் பயந்துடும்.”

உரிமையாளர் ருலஃப் வெறுங்காலோடு வந்தார். செருப்பு அவசரத்தின் சின்னமாம். சீக்கிரம் கொடுக்கத் தனக்கும் ஆசைதான், ஆனால் நிறுவனத்துக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறதே என்று சுவரைக் காட்டினார். அங்கே ஆளுயர எழுத்தில் இருந்தது: ‘அவசரம் என்பது பிறருடைய நோய்.’

“யார் எழுதினது, மக்டெல்ட்?” என்று என்னைக் கேட்டார்.

“நான்தான்.”

“எழுதின நீயே நம்பலேன்னா, வாங்கறவங்க எப்படி நம்புவாங்க?”

வாசகம் நன்றாகத்தான் இருந்தது.

காப்பி கொடுத்தார்கள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, நான் ஒன்று எடுத்ததும் மூடினார்கள். சைக்கிளில் பாலத்தைத் தாண்டுவதற்குள் கைபேசி ஒலித்தது. ‘காப்பி ஒன்று, பிஸ்கட் ஒன்று: இரண்டு யூரோ இருபது. ஹன்னெகே.’ ஓரமாக நிறுத்திக் கட்டினேன். கட்டாமல் எப்படி?

வீட்டில் வரி அலுவலகத்தின் கடிதம் காத்திருந்தது. எனக்கு வராத கூலிக்கு உரிய வரியை அனுப்பச் சொன்னது. தொலைபேசியில் கேட்டேன். அங்கிருந்த மனிதர் அன்பாகவே விளக்கினார். பில் போட்டதுமே வரி கடமையாகிவிட்டது, பணம் வந்ததா என்பது எனக்கும் ‘நிதான’த்துக்கும் இடையிலான சொந்த விஷயம், ஒரு வருடமாகியும் வராவிட்டால் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

“அப்போ, வராத பணத்துல பங்கு கொடுக்கணுமா?”

“பங்கு இல்லைங்க. வரி,” என்றார்.

கைபேசியை வைக்கப் போனபோது அந்தக் காப்பிக் கோரிக்கை கண்ணில் பட்டது. இந்த நாட்டில் ஒரு பில் ஆண்டுக்கணக்கில் தூங்கலாம். ஒரு காப்பி தூங்கி நான் பார்த்ததில்லை. வாங்கியே கொடுக்காத ஒரு காப்பிக்கு ஹன்னெகேவுக்குக் கோரிக்கை அனுப்பினேன்: ‘காப்பி ஒன்று: மூன்று யூரோ ஐம்பது.’

கைபேசி மேஜையைத் தொடுவதற்குள் காசு வந்துவிட்டது. கூடவே, ‘மன்னிச்சுக்கோ, மறந்தே போயிட்டேன்.’

கணக்குப் போட்டேன். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கை மூன்றரையால் வகுத்தால் நானூற்று எண்பத்து நான்கு. மீதியில்லை. தெய்வச் செயல் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

அந்த மாதம் முழுக்க ‘நிதான’த்துக்குக் காப்பிக் கோரிக்கைகளாக அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் காசு வந்தது. கடைசி வாரத்தில் ருலஃப் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“உன்கூட உக்காந்து இத்தனை காப்பி குடிச்சிருக்கோமா? நடுவுல கடிகாரம் எப்ப வித்தோம்னு தெரியல.”

என் கூச்சம் முதன்முறையாக எனக்கு உதவியது.

“ஞாயித்துக்கிழமை வந்ததுக்குக் கொஞ்சம் தாமதமாயிடுச்சு. தப்பா நினைக்காதே. நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல.”

“பரவாயில்ல.”

“ஆங், உன் பில் ‘உணரப்பட்டவை’க்கு வந்துடுச்சு.”

நானூற்று எண்பத்து நான்காவது காப்பியோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு காப்பி கூடுதலாக வாங்கவில்லை. வாடகை கட்டினேன்; அறை தப்பியது.

அடுத்த வசந்தத்தில், யாரும் எதிர்பாராத வகையில், பில்லுக்கான தொகை முழுவதுமாக வந்து சேர்ந்தது. உணர்ந்துவிட்டார்கள் போலும். திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் ஒரு பகுதி செலவாகிவிட்டது. ‘நிதானம்’ கடிகாரம் ஒன்று வாங்கியிருந்தேன்; எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

ஹன்னெகே பழைய கணக்கைப் புரட்டி, அத்தனை காப்பியும் என்னவென்று கண்டுபிடித்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுதினார். நியாயமான கோரிக்கை. பெரிய தொகை என்பதால் நடைமுறைப்படி பதில் எழுதினேன்: தங்கள் கடிதம் ‘கவனிக்கப்பட்டவை’யில் உள்ளது, அவசரம் என்பது பிறருடைய நோய்.

சில வாரங்கள் சத்தமில்லை. இன்று காலை, சுமார் ஒன்பது மணிக்கு, கைபேசி ஒலித்தது.

‘காப்பி ஒன்று: மூன்று யூரோ ஐம்பது. ஹன்னெகே.’

படித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் தட்டிவிட்டது. ‘மன்னிச்சுக்கோங்க, மறந்தே போயிட்டேன்’ என்றும் எழுதி அனுப்பினேன்.

உடனே இரண்டாவது வந்தது.