நான் முதலாளியைக் கொன்ற காலை

ஒரு கொள்கையை மனதார நம்புகிறவர் தப்பித்தவறியும் கதை சொல்லப் போகக்கூடாது. மேடையில் பேசலாம். துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள், யாருக்கும் ஆபத்தில்லை. கதை அப்படி இல்லை. ஜனங்கள் அதைக் கேட்டுத் தொலைப்பார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சங்கரன்கோவில் பக்கம் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு, சேரப்பணஞ்சேரியில் வேறு மூன்று பெண்களோடு வாடகை அறையில் தங்கி, சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கார் ஒயர்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். கையில் டேப், தலைக்குள் உலகப் பொருளாதாரம். (இரண்டும் அடிக்கடி சிக்கிக்கொள்ளும்.)

அசெம்பிளி லைனில் நிற்பவர் பாத்ரூம் போனால், அந்த இடத்தில் நின்று வேலையைப் பார்க்க ரிலீவர் என்று ஒருவர் உண்டு. செலவைக் குறைக்கிறோம் என்று அவரை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு எங்களில் பலர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். "எல்லாரும் சேர்ந்து போய்க் கேப்போம்" என்று நான் சொன்னால், ஒருத்தி செருப்பைப் பார்ப்பாள், ஒருத்தி செல்போனைப் பார்ப்பாள். எல்லோரும் கான்ட்ராக்ட். பயம் நியாயமானதுதான்.

அறிவு வந்தால் பயம் போகும் என்று எனக்கு ஒரு உறுதி. காலையில் கம்பெனி பஸ்ஸில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். ஒரகடத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நிற்கிற நேரத்துக்கு ஒரு பட்டப்படிப்பே முடிக்கலாம்.

"நம்ம காலையில செய்யுத வேலையிலயே நம்ம சம்பளம் வந்துருது. மத்தியானத்துக்கு மேல செய்யுதது பூரா முதலாளிக்கு" என்றேன்.

வடக்குப்பட்டில் ஏறுகிற ஸ்டெல்லா அக்கா காதிலிருந்து ஹெட்போனை எடுத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லைனில் அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். "அப்போ மத்தியானமே வூட்டுக்குப் போலாமா?"

"அப்படி இல்லக்கா."

"பின்ன இன்னாத்துக்கு சொன்ன?" ஹெட்போன் காதுக்குத் திரும்பியது.

நான் அசருகிற ஆளா. மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். மறுநாளே கதையை ஆரம்பித்தேன்.

ஒரு தீப்பெட்டி ஆபீஸ். (தொழிற்சாலையை எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) அதில் வேலை செய்யும் பெண் வேம்பு. அவளுக்கு அந்த மத்தியானக் கணக்கை, அதாவது உபரி மதிப்பை, புரியவைக்கும் தோழர் இளமாறன். அவர்களைச் சுரண்டும் முதலாளி ரத்தினசபாபதி. தினமும் கொஞ்சம் சொல்வேன். மூன்றாம் நாளே ஹெட்போன்கள் மடிக்கு இறங்கிவிட்டன. டிரைவர் ஏழுமலை அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இளமாறன் நேர்மையானவன், ஒழுக்கமானவன், வாயைத் திறந்தால் மூடமாட்டான். வேம்பு தண்ணீர் எடுக்கப் போனால்கூட வழிமறித்து லாபத்தின் தோற்றுவாய் பற்றி விளக்குவான். அவன் பேச ஆரம்பித்ததும் ஏழுமலை அண்ணன் முன்னால் வண்டியே இல்லாத ரோட்டில் ஹாரன் அடிப்பார். வில்லனுக்கு மட்டும் என்ன வந்ததோ, அவர் கதைக்குள் வரும்போதெல்லாம் நான் வர்ணித்துவிடுவேன். வெள்ளை ஜிப்பா. மனைவியை இழந்தவர். கணக்குப்பிள்ளையிடம் எரிந்து விழுவார், ராத்திரி தனியாக ரசம் சாதம் சாப்பிடுவார். (வெறும் கெட்டவனாகச் செய்தால் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். இது இலக்கிய நுட்பமாம்.)

"பாவம்டி அந்த மனுசன்" என்று ஒருநாள் ஸ்டெல்லா அக்கா பெருமூச்சு விட்டார். "வேம்பு அவரைக் கட்டிக்கினா இன்னா?"

"அக்கா, அவரு சுரண்டுதாரு."

"யாரு சுரண்டல? எம் புருசன் சுரண்டல? இவரு ஜிப்பாவாச்சும் போட்டுக்கினு கீறாரு."

பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். இதை வளரவிடக்கூடாது. ஒரு திங்கட்கிழமை காலை, ரத்தினசபாபதியைத் தீர்த்துவிடுவது என்ற முடிவோடு பஸ் ஏறினேன்.

திட்டம் தெளிவானது. தீயை அணைக்க ஒரு மணல்வாளி வாங்கக்கூட மனமில்லாத கஞ்சத்தனத்தால் குடோன் பற்றி எரியும். லாபவெறி தன்னையே தின்னும் என்பது கருத்து. அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். இனி முதலாளி பணப்பெட்டியை எடுக்க உள்ளே ஓடிச் சாகவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதிரே அத்தனை முகங்கள். என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை.

"வேம்பு அழுதா. அவ அம்மா கடைசியாக் குடுத்த தூக்குவாளி உள்ளே இருக்குன்னு அழுதா. ரத்தினசபாபதி திரும்பிப் பார்த்தாரு. ஒண்ணும் பேசல. ஜிப்பா கையை மடிச்சு விட்டுக்கிட்டு உள்ள போனாரு. வெளிய வரவேயில்ல."

ஏழுமலை அண்ணன் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

லைனில் பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே டேப் சுற்றினார்கள். கண்ணீர் பட்டால் டேப் ஒட்டாது. ரிஜெக்ட் குவிந்தது. சூப்பர்வைசர் தினகரன் சார் ஓடிவந்து, புதிதாகச் சேர்ந்த கௌரியிடம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"முதலாளி செத்துட்டாரு சார்."

தினகரன் சார் முகம் வெளுத்துவிட்டது. "எப்போ?"

"காலைல. பஸ்ஸு வரும்போது." கௌரி என்னைக் கை காட்டினாள். "பேச்சி அக்காதான் கொன்னுட்டாங்க."

மனிதர் மேற்கொண்டு விசாரித்திருக்கலாம். ஆனால் கம்பெனி எம்.டி. அன்று காலை காரில் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் செல்போன் வேறு ஏதோ மலைக்குப் பின்னால் கிடைக்காமல் போயிருக்கிறது. தினகரன் சார் மேனேஜரிடம் ஓட, மேனேஜர் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட, அங்கே யாரோ விம்ம, கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு இனிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் எம்.டி.யே போனில் வந்தார். "நான் வேலூர்ல டீ குடிச்சிட்டிருக்கேன். அங்க லைன் ஏன் நிக்குது?" என்று மட்டும் கேட்டாராம்.

என்னை எச்.ஆர். மேடம் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஏசி குளிரில் பல் தந்தியடித்தது. வேலை போச்சு, ஊருக்கு என்ன சொல்வது என்பதற்கு மேல் எதுவும் யோசிக்க முடியவில்லை. உலகப் பொருளாதாரம் மொத்தமும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"அது கதை மேடம்" என்றேன்.

"என்ன கதை? முழுசா சொல்லுங்க."

சொன்னேன். இளமாறனைப் பற்றிச் சொல்லும்போது மேடம் வாட்ச்சைப் பார்த்தார். தீ பிடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"தூக்குவாளிய எடுக்கவா போனாரு?"

"ஆமா மேடம்."

"ச்சே" என்றார். யாரை என்று தெரியவில்லை.

அப்போது கதவு திறந்தது. ஸ்டெல்லா அக்கா. அவருக்குப் பின்னால் கௌரி. கௌரிக்குப் பின்னால் எங்கள் பஸ் மொத்தமும். டீ இடைவேளையில் டீ குடிக்காமல் வந்திருந்தார்கள். ரிலீவருக்காக நான் இத்தனை நாள் கெஞ்சியும் எழுந்திருக்காத கூட்டம்.

"மேடம், பேச்சிய வேலைய வுட்டுத் தூக்காதீங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. நான் எழுந்து கும்பிடப்போனேன். "கதை பாதில நிக்கிது. அவரு பாடியக்கூட இன்னும் காட்டல."

நெகிழ்ச்சி அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார். "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். ரத்தினசபாபதி பொழைச்சு வரணும். அந்த இளமாறனை வேற ஊருக்கு அனுப்பிடணும். முடியாதுன்னா நாளையிலேர்ந்து உங்கூட ஒருத்தியும் பேச மாட்டா."

கூடிப் பேசி, முடிவெடுத்து, தலைவியைத் தேர்ந்தெடுத்து, கோரிக்கை வைத்து, வேலைநிறுத்த எச்சரிக்கையும் கொடுத்தாகிவிட்டது. பாடப்புத்தகத்தில் உள்ளபடியே செய்தார்கள். என்ன, எதிர்த்தரப்பு நான்.

வெளியே கிளம்பிய ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்றார். "வந்தது வந்துட்டோம், இதையும் சொல்லிடறேன் மேடம். ரிலீவர் இல்லாம முடியல. யூரின அடக்கி அடக்கி இவளுங்கள்ல பாதி பேருக்கு வயித்து வலி. நீங்களும் பொம்பளதான்."

பின்னால் இருந்த அத்தனை தலைகளும் ஆடின. மேடம் கீழே வைத்த பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். "பார்க்கிறேன்" என்றார்.

மறு வாரம் ரிலீவர் வந்தார். என் வேலையும் தப்பியது. தண்டனையாக வேறு பஸ்ஸுக்கு மாற்றினார்கள்.

அதற்கு முன், மேடம் அறைக்குப் போன அன்று மாலையே பழைய பஸ்ஸில் பேச்சுவார்த்தை நடந்தது. நானும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. முதலாளி பிழைக்கலாம், ஆனால் பிழைத்ததும் ஆபீஸில் பாதியைத் தொழிலாளர்களுக்கு எழுதிவைக்க வேண்டும் என்றேன்.

"தாராளமா குடுப்பாரு" என்றார் ஸ்டெல்லா அக்கா உடனே. "அவரு மனசு தங்கம்."

நான் சொல்லவந்த தத்துவத்துக்கு நேர் எதிர் இது. "அக்கா, தங்க மனசு இருந்தா எதுவும் கிடைக்காது. இன்னைக்கு நீங்க எல்லாரும் சேர்ந்து போனீங்கல்லா, அதான்" என்று ஆரம்பித்தேன். ஏழுமலை அண்ணன் ஹாரன் அடித்தார்.

புது பஸ்ஸில் முதல்நாளே அடுத்த கதையை ஆரம்பித்தேன். அதில் முதலாளியே கிடையாது, எல்லாம் கூட்டுறவு. அந்த பஸ் முழுக்கத் தூங்கியது. இன்னும் சுவையாகச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு எனக்கு சுங்குவார்சத்திரத்தில் பைக் மெக்கானிக் ஒருவரோடு கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்தவர்களிடம் ஸ்டெல்லா அக்கா, "நல்ல பொண்ணு. ஒரே ஒரு முதலாளியைத்தான் கொன்னுகீது" என்று அறிமுகம் செய்து, கதையையும் முழுதாகச் சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டுக்காரர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். வேலைக்கு இரண்டு பேர். திறப்பு விழா அன்று, புதுப்புடவை கட்டிக்கொண்டு குத்துவிளக்கேற்ற முன்னால் போனேன். மாமியார் தீப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கி நாத்தனாரிடம் கொடுத்தார்.

"நீ கொஞ்சம் அப்பால நில்லும்மா. மொதலாளிங்களுக்கு உன் கை ராசி இல்ல."

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதே வசனம்தான். நானும் அவர் சொல்வதற்கு முன்பே அப்பால் போய் நின்றுவிடுகிறேன்.